கட்டிப் போட்ட சுவிட்ச்

விடிவதற்கு முன் பஸ்ஸின் பின்சக்கரத்தைக் கழற்றுவதென்றால் முதலில் உள்ளங்கை எரியும், பிறகு முழங்கை மரத்துப் போகும், அதற்கப்புறம்தான் நட்டு அசையும். பனி இறங்கிய இரும்புக்கு அவ்வளவு வீம்பு. ஸ்பேனரின் வாலில் ஆள் உயரக் குழாயைச் செருகி, நான் ஸ்பேனரின் தலை நட்டிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்ள, என் தம்பி குழாயின் நுனியில் ஏறி நின்று உடம்பை ஒரு குலுக்குக் குலுக்குவான். நட்டு கிறீச்சிட்டு இளகும். அந்தச் சத்தத்தில் பல் கூசும். எல்லா நட்டும் இளகி, சக்கரத்தை உருட்டிச் சுவரில் சாய்ப்பதற்குள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிரேக் தூள் மூக்கில் ஏறி, துப்பினால் எச்சில் கறுப்பாக வரும்.

கரண்ட் பஸ் வந்தால் ஷெட்டில் அழுக்கே இருக்காது என்று எங்கள் பஸ் கம்பெனியின் சின்ன முதலாளி சொல்லியிருந்தார். வாசலில் பச்சை இலை வரைந்த போர்டும் வைத்தார். புகை நின்றது உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். டீசல் என்ஜின்கள் ஒன்றாக உறுமி, நீலப்புகை மண்டி, நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர்களை நான் தோள் கொடுத்துத் தூக்கியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா. அந்தப் புகைக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆனால் சக்கரம் சக்கரமாகத்தான் இருந்தது. பாட்டரியின் எடை தாங்காமல் டயர் சீக்கிரம் தேய்ந்தது, ஸ்பிரிங் பட்டை முறிந்தது. வேலை கூடியது, சம்பளம் குறைந்தது. எங்களுக்கு மாதாமாதம் ‘என்ஜின் படி’ என்று ஒன்று உண்டு. அதை நிறுத்தியபோது நான் போய்க் கேட்டேன்.

“என்ஜினே இல்லையே மேஸ்திரி, என்ஜின் படி எதுக்கு?” என்றார் சின்ன முதலாளி. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கத்துவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

எங்கள் அப்பா இதே ஷெட்டில் டயர் தூக்கியவர். முதலாளி முன் குனிந்ததில்லை, ஒருநாள் மட்டம் போட்டதில்லை. அவர் விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான். மூத்தவன் என்பதால் அதை அழுக்குப் படாமல் வைத்திருக்கும் பொறுப்பு என்னுடையது. கிரீஸ் வேலைக்குப் போகிறவன் சட்டையை எதற்கு இஸ்திரி போடுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. கழற்றும்போது அழுக்காக இருக்கட்டும், போடும்போது சுத்தமாக இருக்க வேண்டும்.

தம்பி அப்படியில்லை. வாயிலிருந்து பீடி இறங்காததால் ஷெட்டில் அவனுக்குப் ‘புகை’ என்று பெயர். கேலிக்காரன். முதல் வண்டி ஓட்டும் டிரைவருக்கும் அவனுக்கும் தினமும் வாய்ச்சண்டை நடக்கும்.

“புகையில்லாத வண்டி வந்தாச்சு. இந்தப் புகையை எப்ப அனுப்பப் போறாங்களோ” என்பார் டிரைவர்.

“என்னை அனுப்பிட்டா உன் பிரேக்கை உங்க மாமனாரா வந்து பாப்பாரு?” என்பான் தம்பி.

அப்படிச் சிரித்தாலும் எங்களுக்குள் யாருக்கும் நிம்மதி இல்லை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று காதுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து வலித்தது. நாளைக்கு வேலை உண்டா என்பதும் அப்படித்தான் ஆகிவிட்டது. யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்திருப்பான்.

ஷெட்டின் நடுவில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், சக்கரம், பிரேக், ஸ்பிரிங், தண்ணீர் விட்டுக் கழுவுவது. அந்தப் பக்கம் பாட்டரி வேலை. கான்ட்ராக்டில் எடுத்த இளவட்டங்கள். எங்கள் சம்பளத்தில் பாதிதான் அவர்களுக்கு. கோட்டைத் தாண்டி ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்பது சின்ன முதலாளியின் உத்தரவு. எங்களால்தான் அவர்கள் சம்பளம் ஏறவில்லை என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். அவர்களால்தான் எங்கள் வேலை போகிறது என்று எங்களிடம். தனக்குச் சொன்னதை ஒவ்வொரு பக்கமும் நம்பியது.

அந்தப் பக்கத்தில் மூத்தவள் ஒரு பெண். எலக்ட்ரிகல் படித்தவள். கரண்ட் பார்க்கும் மீட்டரைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிவாள். எங்கள் ஆட்கள் அவளுக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அவளும் சும்மா இல்லை. எங்களை ‘மியூசியம்’ என்பாளாம்.

ஒருநாள் நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று இரண்டு கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. எதிரில் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. ஷூவின் குரல் சின்ன முதலாளியுடையது, செருப்பின் குரல் அந்தப் பெண்ணுடையது.

“குலுங்கற ரோடு. மூடி ஆடுது, சுவிட்ச் விழுது, வண்டி நடுரோட்ல நிக்குது. எனக்கு ட்ரிப் போகுது. எல்லா வண்டியிலயும் அந்தச் சுவிட்ச்சைக் கட்டிடு.”

“சார், மூடியைத் திறந்தா கரண்ட் அறுந்துபோறதுக்குத்தான் அந்தச் சுவிட்சே. கட்டிட்டா, திறந்தாலும் உள்ள கரண்ட் இருக்கும்.”

“நீதானே திறக்கப்போற. உனக்குத் தெரியுமில்ல?”

“டீசல் ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க சார்.”

“சொல்றேன். நீ கட்டு. முடியலைன்னா சொல்லு, கட்டறதுக்கு வெளியில ஆள் நிக்குது.”

ஷூக்கள் போய்விட்டன. எனக்கு அந்தப் பேச்சு முழுக்கப் பிடிபடவில்லை. எந்த மூடி, என்ன சுவிட்ச். கோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம். கிரீஸ் அடித்து முடித்து எழுந்து வந்துவிட்டேன்.

சின்ன முதலாளி எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வண்டிகள் வந்த புதிதில் ஒருவரைக் கொண்டுவந்து எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். ஆரஞ்சு நிற வயரைத் தொடாதே, பெட்டியின் மூடியைத் திறந்தால் கரண்ட் தானாக நின்றுவிடும், பயப்படாதே. எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

அன்றைக்கு விடியற்காலை முதல் வண்டிக்கு பிரேக் காற்று ஏறவில்லை. பாட்டரிப் பக்கத்து ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஃபாக்டரி ஆட்களை ஏற்றப்போகும் வண்டி அது, தாமதமானால் கான்ட்ராக்ட் போய்விடும் என்று சின்ன முதலாளியே நேரில் வந்து நின்றிருந்தார். நான் கடைசி வரிசையில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தது பாதி, பிறகு தம்பி சொல்லித் தெரிந்துகொண்டது பாதி. யாரும் தாண்டக் கூடாத கோட்டை அன்றைக்கு அவரே தாண்டச் சொன்னார்.

“காத்து அடிக்கற மோட்டாருக்குக் கரண்ட் வருதான்னு பாரு. மூடியைத் திற. திறந்தா ஒண்ணும் இருக்காது.”

தம்பி மூடியைத் திறந்தான். உள்ளே கை விடுவதற்கு முன், இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தான்.

டீசல் வண்டியில் வேலை பார்த்த எவனும் அதைத்தான் செய்வான். ஸ்டார்ட்டர் சாவிக்கு அசையாவிட்டால் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைப்போம். சுருக்கென்று ஒரு பொறி, என்ஜின் எழுந்துவிடும். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே பொறிதான். புத்தி சொல்லிக் கை செய்கிற காரியமில்லை அது. கையே செய்துவிடும். அவனைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை. வெறும் கையை விடாமல் முதலில் இரும்பை விட்டுப் பார்த்தான்.

ஷெட் முழுவதும் ஒரு கணம் வெள்ளையாகியது. எல்லார் நிழலும் சுவரில் கறுப்பாக அறைந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப் போனபோது தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்திருந்தான், யாரோ கொடுத்த பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி. புருவம் இல்லை. “அண்ணே, லைட்டைப் போடுங்க” என்றான். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு கண் வந்துவிடும், மற்றதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். வலது கை விரல்கள் இனி மடங்காது.

மறுநாள் சின்ன முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். உங்கள் அப்பா காலத்திலிருந்து நம் உறவு என்றார். பிறகு குரலை இறக்கினார்.

“நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வர்றாரு. அந்தப் பொண்ணு தன் இஷ்டத்துக்கு சுவிட்ச்சைக் கட்டிடுச்சு. உங்க தம்பி மூடியைத் திறந்தாரு, அடிச்சிடுச்சு. நடந்தது அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் வச்சதெல்லாம் எதுக்கு இழுக்கணும்? தலைமுறையா மெக்கானிக் குடும்பம். சின்னப் புள்ளைகூடச் செய்யாததைச் செஞ்சுட்டான்னு நாலு பேர் சிரிக்கக் கூடாது பாருங்க.”

“நான் அப்படிச் சொல்லலைன்னா?”

“அப்ப ஸ்க்ரூடிரைவரை நான் சொல்லவேண்டி வரும். கோட்டைத் தாண்டி அவனே போனான், அவனே திறந்தான், அவனே குத்தினான். நஷ்டஈடும் வராது, பேரும் நிக்காது.” மேசை மேல் சாய்ந்து, “அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட்டு. இன்னைக்கு இங்க, நாளைக்கு வேற எங்கயோ. உங்களுக்கு அவ என்ன உறவா, முறையா?” என்றார்.

நான் வாசல் வரை வந்து, திரும்பி உள்ளே போகப் பார்த்து, மறுபடி வெளியே வந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பஸ்ஸில் போகாமல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சரியான இடத்தில் கை வைத்திருந்தார். பணத்தைக் காட்டியிருந்தால் முகத்தில் அறைந்த மாதிரி பதில் சொல்லியிருப்பேன். அவர் காட்டியது எங்கள் அப்பாவின் பெயரை.

மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மீட்டர் இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. மடியில் மருந்துக்கடைப் பை. என்னைப் பார்த்து எழுந்தாள், ஆனால் கும்பிடவில்லை, அழவுமில்லை.

“கட்டினது நான்தான் மேஸ்திரி. எல்லா வண்டியிலயும் என் கையாலதான் கட்டினேன். மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போகணும். வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்ல வந்தேன். கோட்டுகிட்ட வந்து நின்னேன். ‘மீட்டர் ஓடுது, வழி விடுங்கப்பா’ன்னாரு உங்க தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பிட்டேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நாளைக்கு நீங்க என்ன சொன்னாலும் எனக்கு வேலை போகப்போறது போகப்போறதுதான். ஆனா ஒருத்தர் கையைக் கருக்கினவன்னு பேரு வாங்கிட்டு எந்த ஷெட்டுக்கும் நான் போக முடியாது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் உக்காந்திருந்தேன்.”

பையை என் கையில் வைத்தாள். தீப்புண்ணுக்குப் போடும் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து. படிகளில் இறங்கிப் போனாள். முதுகு நேராக இருந்தது. பேர் என்ற ஒன்று எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தம்பி கண்கட்டோடு படுத்திருந்தான். கை வெள்ளைத்துணி மூட்டையாகத் தலையணை மேல் இருந்தது. சின்ன முதலாளி சொன்னதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. சின்ன முதலாளியின் ஆள் ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“அப்படியே சொல்லிடுங்கண்ணே” என்றான். “ஸ்க்ரூடிரைவர் பேச்சு வேணாம். சாகற வரைக்கும் சிரிப்பானுங்க.”

“அந்தப் பொண்ணு?”

அவன் மனைவி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினாள். எனக்கு எதிரில் அதிகம் பேசாதவள்.

“ரெண்டு நாளா அதுதான் மாமா கீழயும் மேலயும் ஓடுது. நான் போடின்னு திட்டினேன். போகல. இவரு கை போனதுக்கு யாரையாவது திட்டணும்போல இருக்கு. ஆனா அதைத் திட்டினா நாக்கு கூசுது.”

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் அருகில் போய் நின்றேன்.

“குறுக்க வச்சது நீ. நீ வச்சதுல ஒரு தப்பும் இல்ல. அந்த இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். அதை நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன். ஒரு பொண்ணு தோள்மேல ஏறி நின்னு நம்ம குடும்பம் உசரமாத் தெரிய வேண்டாம்டா.”

பக்கத்துப் படுக்கையில் யாரோ முனகினார்கள்.

“ஸ்க்ரூடிரைவர் என்னண்ணே ஆச்சு?”

“பாதி உருகிடுச்சு.”

“நல்ல சாமான். தேடி வாங்கினது.” மூச்சை இழுத்துவிட்டான். “சரி, சொல்லிக்குங்க.”

விசாரணை ஷெட்டுக்குள்ளேயே நடந்தது. முதல் வண்டியின் முன்னால் மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி நடுத்தர வயது மனிதர், பேச்சில் அவசரமில்லாதவர். எங்கள் ஆட்கள் ஒரு பக்கமும் பாட்டரி ஆட்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். நடுவில் மஞ்சள் கோடு. அந்தப் பெண்ணுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டே நின்றார்கள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

முதலில் டிரைவரைக் கேட்டார்கள். தம்பியை மூடியைத் திறக்கச் சொன்னது யார் என்று கேட்டார் அதிகாரி. டிரைவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, நான் சீட்டில் இருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்றார். கரண்ட் பஸ் ஓட்டக் கற்றுக்கொள்ளாத டிரைவர்கள் எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். இவர் தப்பியிருந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன முதலாளி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நின்றபடியே பேசினேன்.

“என் தம்பி ஸ்க்ரூடிரைவரைக் குறுக்க வச்சான்.”

எங்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. சின்ன முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“எங்க ஆளுங்க அத்தனை பேரும் அப்படித்தான் செய்வாங்க. இந்த வண்டியைச் செஞ்சவனுக்கும் மனுஷக் கை எப்படிப்பட்டதுன்னு தெரியும். அதனாலதான் மூடிக்கு சுவிட்ச் வச்சான். எவன் மறந்துபோய்த் திறந்தாலும் கரண்ட் நிக்கணும்னு வச்சான். அந்தச் சுவிட்ச்சைக் கட்டிவச்சது இந்தப் பொண்ணு. கட்டச் சொன்னது இவரு.”

“மேஸ்திரி, நிதானமாப் பேசுங்க. நான் சொன்னதை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல. உங்க ஷூவைப் பாத்தேன். வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். ‘எனக்கு ட்ரிப் போகுது, கட்டிடு’ன்னீங்க. ‘டீசல் ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க’ன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. ‘சொல்றேன்’னீங்க. எங்ககிட்ட சொன்னீங்களா?”

“தம்பிக்கு அடிபட்ட வருத்தத்துல பேசறாரு சார்” என்றார் அதிகாரியிடம். “இவங்களுக்கு இந்த வண்டி வந்ததே பிடிக்கல.”

“வண்டி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. டீசல் குடிச்ச நெஞ்சு இது. எங்க அப்பா அதுலதான் போனாரு. வண்டி எதுல வேணா ஓடட்டும். எங்க கையை எரிச்சு ஓட வேண்டாம்.”

அதிகாரி எழுந்து ஒவ்வொரு வண்டியாகப் போனார். அந்தப் பெண் மூடிகளைக் காட்டினாள். வயர் கட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையால் எல்லாச் சுவிட்சும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அவர் அதைக் குறித்துக்கொண்டார். மற்றவர்களையும் விசாரித்துத்தான் அறிக்கை கொடுக்க முடியும், நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் போன தூசி அடங்குவதற்குள் சின்ன முதலாளி, நானும் அந்தப் பெண்ணும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்களிடம், இந்தச் சுவிட்ச்சையெல்லாம் ஆபீசருக்காகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வண்டிகள் வழக்கம்போலப் போகட்டும் என்றார்.

அவர் அறைக்குள் போனபின் யாரும் நகரவில்லை. ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர் எங்களில் பழையவர், வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அவர் மெதுவாகக் கோட்டைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் எதிரில் நின்றார்.

“ஏம்மா, நானும் வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த வண்டிங்களுக்கு அடியில போறேன். அங்க எதைத் தொட்டா சாவேன்னு சொல்லு.”

“அடியில வெளிய தெரியற மாதிரி கரண்ட் ஒண்ணும் இல்ல. வயர் போற இந்த ஆரஞ்சு பைப்பை மட்டும் சுத்தியலால தட்டிடாதீங்க.”

“தினம் அதுலதான் சாஞ்சுக்கறேன்.”

முதலில் ஒரு பாட்டரிப் பையன் சிரித்தான். பிறகு எங்கள் ஆட்கள். சிரித்த வேகத்திலேயே எல்லாருக்கும் முகம் இருண்டது. ஒவ்வொருவனும் தான் எதில் சாய்ந்தான், எதைத் திறந்தான், எப்படித் தப்பிப் பிழைத்தான் என்று கணக்குப் போட்டான் போலிருக்கிறது. பாட்டரி ஆட்களுக்கு எங்கள் சம்பளம் தெரிந்தது. எங்களுக்கு அவர்களுடையது தெரிந்தது. பேச்சு முட்டி மோதியது. இந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் கான்ட்ராக்டர் பெயரையே அழித்துவிடுவான் என்றான் ஒருவன். அவன் சொன்னதில் பொய் இல்லை. பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன் என்று எங்கள் ஆள் ஒருவர் கிளம்பிப் போய்விட்டார். மீதிப்பேர் நின்றோம். சுவிட்ச்சின் கட்டை அவிழ்க்காமல் ஒரு வண்டியும் நகராது, இரண்டு பக்கத்துக்கும் முறையான பாதுகாப்பும் பயிற்சியும் வேண்டும், தம்பிக்கு முழுச்சம்பளம், எங்கள் இருவரையும் திரும்ப எடுப்பது. இவ்வளவுதான் முடிவு.

மறுநாள் விடியலில் என்னையும் அந்தப் பெண்ணையும் உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவர் எங்களைப் பார்த்ததும், டீ குடித்துவிட்டு வருகிறேன் மேஸ்திரி என்று கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்.

உள்ளே வேலை தொடங்கியிருந்தது. முதலில் பாட்டரி ஆட்கள் ஒவ்வொரு வண்டியிலும் கரண்ட்டை முழுக்க நிறுத்தினார்கள். அந்தப் பெண் மீட்டரை வைத்துப் பார்த்து, தலையசைத்த பிறகே மூடி திறந்தது. எங்கள் ஆட்கள் விளக்குப் பிடித்தார்கள், கனமான மூடியைத் தாங்கிக்கொண்டார்கள். வெட்டிய வெள்ளைப் பட்டைகள் தரையில் நகத்துண்டுகள் மாதிரி விழுந்தன. எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் இடுப்பு ஸ்க்ரூடிரைவரில் கை வைத்தார். பக்கத்துப் பையன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அப்படியே ஒரு கணம் நின்றார்கள்.

கடைசி வண்டி முடிந்ததும், மற்றக் கோரிக்கைகளுக்காக வாசலுக்கு வந்து, வண்டிகள் வெளியேறும் வழியில் உட்கார்ந்தோம். நான் தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாதவன். முட்டி முறிந்த மாதிரி வலித்தது.

சின்ன முதலாளியின் கார் வந்தது. இறங்கினார். முதலில் கெஞ்சினார், பிறகு பல்லைக் கடித்தார்.

“கரண்ட் பஸ் ஓட்டற கம்பெனி இதைவிடப் பெருசா நாலு இருக்கு. உங்களை வச்சு நடத்தறதுக்குப் பதிலா வண்டியோட வித்துட்டுப் போயிடுவேன். அப்புறம் யார்கிட்டப் போய் உக்காருவீங்க?”

“வாங்கறவன் வாசல்ல” என்றாள் அந்தப் பெண்.

“நீ பேசாத. உன்மேல கேஸ் இருக்கு.”

“என் தம்பி மேலயும் போடுங்க” என்றேன். “என் மேலயும் போடுங்க. எல்லாரையும் சேத்து ஒரே கேஸாப் போட்டா உங்களுக்கும் வக்கீல் செலவு மிச்சம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் எங்களை விட்டுவிட்டு டிரைவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சுவிட்ச்சாவது மண்ணாவது, வண்டியை எடுங்கள், ஆட்கள் தானாக எழுந்துவிடுவார்கள் என்றார்.

முதல் வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. விளக்குகள் மட்டும் எங்கள் மேல் பெரிதாகிக்கொண்டே வந்தன. அருகில் இருந்தவர்களின் மூச்சு எனக்குக் கேட்டது. எழுந்துவிடலாமா என்று கால் கேட்டது உண்மை. அந்தப் பெண் என் சட்டைக் கையைப் பற்றியிருந்தாள். அல்லது நான்தான் அவள் கையைப் பற்றியிருந்தேனோ, தெரியவில்லை.

வண்டி எட்டித் தொடும் தூரத்தில் நின்றது. விளக்கு அணைந்தது. கதவு உஸ்ஸென்று திறந்தது. டிரைவர் இறங்கி வந்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்ன முதலாளியைப் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“திறக்கச் சொன்னதை நான் கேட்டேண்ணே. என் காதால கேட்டேன். ஆபீசர் திரும்ப வந்தா சொல்றேன்.”

பின்னால் இரண்டாவது வண்டியின் விளக்கும் அணைந்தது. மூன்றாவதன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே ஃபாக்டரிக்குப் போகிறவர்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் எங்களைத் திட்டப் போகிறார்களா, ஏன் என்று கேட்கப் போகிறார்களா என்று சொல்ல முடியவில்லை. சின்ன முதலாளி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

டிரைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் நகந்து உக்காருங்கண்ணே, நானும் உக்காந்துக்கறேன்” என்றார்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.